ஆறாவது பட்டி

மூட்டையின் வாயைக் கத்தியால் கீறியதும் டெஸ் தொடர்ந்து மூன்று முறை தும்மினான். பழுப்பும் பச்சையும் கலந்த மெல்லிய பொடி. எங்கள் தீவனக் கொட்டகையில் உடைத்த பார்லியும் கரும்புப் பாகும் டீசலும் சேர்ந்த ஒரு வாடை எப்போதும் நிற்கும். அது ஒரு நொடியில் பின்னுக்குப் போய், கிராம்பும் பூண்டும் முன்னால் வந்தன. சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

"இது மாட்டுக்கா, இல்ல நீ கேக் சுடப்போறியா?"

"மாட்டுக்குத்தான். மரப்பட்டை, பூண்டு, கிராம்பு எண்ணெய், கொஞ்சம் கடற்பாசி. வயித்துல வாயு சேராதாம். அந்த மருந்துப் பொடிக்குப் பதிலா இத போடலாம்."

"மருந்துப் பொடிக்கு என்ன வந்துச்சு? முப்பது வருஷமா போடறேன். அதனால ஒரு மாடு செத்திருக்கா, நொர்?"

இல்லைதான். அதனால் ஒரு மாடும் சாகவில்லை. நான் மூட்டையின் ஓரத்தை மடித்துவிட்டபடி, "ஒரு தடவ பாப்போமே" என்றேன். அவன் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து, கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தான். டெஸ் மாட்டுக்குப் போடும் எதையும் முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பான். எங்களுக்குத் திருமணமான வாரத்திலிருந்து பார்க்கிறேன். மருந்துப் பொடியை மட்டும் அப்படிச் செய்ததில்லை. அதைக் கையுறை போட்டுத்தான் அள்ளுவான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்ச்சில், எங்கள் குதிரை செத்தது. மேபெல் என்று பெயர். இருபத்திரண்டு வயது. வேலை செய்வதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய புல்வெளியில் சும்மா நிற்கும், காலையில் டெஸ் கொண்டுபோகும் ஒரு வாளி ஓட்ஸுக்காகக் காத்திருக்கும். அன்று பிற்பகல் அதன் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல ஒரு அடி பின்வைத்தது, பிறகு உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் முடிந்துபோனது. மாட்டு டாக்டர் கிரகாம் தன் வண்டி வரைக்கும் என்னை நடத்திக் கூட்டிப்போய், டெஸ் காதில் விழாத தூரத்தில் நின்று கேட்டார்: "நொரீன், மாட்டுத் தீவனம் ஏதாச்சும் இதுக்குப் போச்சா?"

நான் அதற்கு முன்பே வாளியைப் பார்த்திருந்தேன். அடியில் ஒட்டியிருந்தது ஓட்ஸ் இல்லை, மருந்துப் பொடி கலந்த உடைத்த பார்லி. மாட்டின் வயிற்றில் வாயுவையும் புளிப்பையும் அடக்கிவைக்கும் அந்த மருந்து குதிரையின் இதயத்தைத் தின்றுவிடும். மாடும் குதிரையும் சேர்த்து வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தச் சமவெளியில் அது தெரியும். அதனால்தான் டெஸ் ஓட்ஸ் பீப்பாயைக் கொட்டகையின் ஒரு கோடியிலும் மாட்டுத் தீவனத்தை மறு கோடியிலும் வைத்திருந்தான். வேலைக்கு வந்த ஒவ்வொருவனிடமும் முதல் நாளே அதைத்தான் சொல்லுவான். எங்கள் மகளுக்கு எழுத்துகளுக்கு முன்னால் அதைத்தான் சொல்லிக்கொடுத்தான். அவனே அன்று காலை தவறான கோடிக்கு நடந்திருக்கிறான்.

கிரகாமிடம் தெரியாது என்றேன். டெஸ்ஸிடம், பாம்பு என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். டெஸ் நம்பினான். டிராக்டரின் முன்பக்க வாளியால் அவனே குழி தோண்டி, புதைப்பதற்கு முன் அதன் பிடரியில் ஒட்டியிருந்த முள்விதைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். அவசரமே இல்லாமல், அதை எங்கோ கூட்டிப்போகத் தயார்செய்வதுபோல. அதைப் பார்த்தபோதுகூட நான் தாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவன் வேலியோரமாக வாளியோடு நிற்கிறான். உதட்டைக் குவித்து அதைக் கூப்பிடுகிற சத்தம் எழுப்புகிறான். போய் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். இந்த முறை சரியான ஓட்ஸ்.

டூவும்பா நகரத்தில் ஞாபகமறதி நோய்க்கான மருத்துவர் போன வருடமே சொல்லிவிட்டார். நோயின் பெயரைச் சொல்லி, மூளையின் படத்தைக் காட்டி, இனி சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்று உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் நான் ஓட்ட, பக்கத்து இருக்கையில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டெஸ், எங்கள் கேட் வந்ததும், "உள்ள ஓட்டலாமில்ல?" என்று கேட்டான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஓட்டலாம் என்றேன். உள்ளே என்றால் தீவன வண்டி. ஆறு பட்டிகள், பட்டிக்கு நாற்பது காளைகள், காலையில் ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தீவனம்.

அதுவும் போய்விட்டால் அவனிடம் வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் புத்தகம் படிப்பவனில்லை, சீட்டாடுகிறவனில்லை, தேவாலயத்துக்குத் திருமணங்களுக்கும் சாவுகளுக்கும் மட்டும் போகிறவன். ஆனால் அவன் தொட்டியைப் படிப்பான். தீவனம் போடுவதற்கு முன் ஒவ்வொரு பட்டியின் நீளத் தொட்டி ஓரமாகவும் நடந்து, என்ன மிஞ்சியிருக்கிறது, எங்கே மிஞ்சியிருக்கிறது, எச்சில் காய்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து, இன்றைக்கு எவ்வளவு என்று முடிவு செய்வான். எழுதிவைப்பதில்லை, அளந்து பார்ப்பதும் இல்லை. நோய் வந்த பிறகும் அதில் ஒரு குறையும் வரவில்லை. நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். நேற்று நடந்தது அவனுக்கு ஞாபகமில்லை, ஆனால் நேற்று நடந்தது தொட்டியில் கிடந்தது. அவனுக்காகத் தொட்டி ஞாபகம் வைத்துக்கொண்டது. நானும் அவனுக்கு அப்படி ஒரு தொட்டியாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன். வேலையை அவனிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இனி அவன் எந்தக் கோடிக்குத் தவறி நடந்தாலும் எதுவும் சாகாதபடி, வேலையிலிருந்து அந்த விஷத்தை, மருந்துப் பொடியை, எடுத்துவிட முடிவு செய்தேன்.

விவசாயக் கண்காட்சியில்தான் ஹெதரைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். அவளும் அவள் அக்காவும் கடற்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் இந்தப் பொடியை அரைத்து மூட்டை கட்டுகிறார்கள். ஒரு மேசை, நான்கு கண்ணாடிச் சாடிகள், கையால் எழுதிய அட்டை. அவள் வாயுவைப் பற்றியும் மாட்டின் ஏப்பத்தால் வானம் சூடாவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"குதிரை தின்னா என்ன ஆகும்?"

"குதிரையா?" என்று சிரித்தாள். "வாய் மணக்கும், அவ்ளோதான்."

அந்த இடத்திலேயே இருபது மூட்டை சொல்லிவிட்டேன்.

பக்கத்துப் பண்ணை லாயிட் மாடுகளை எடை போட உதவிக்கு வந்தபோது ஒரு வாரத்துக்கான கேலியை ஒரே நாளில் செய்தான். "வெட்டறதுக்கு முன்னாடியே மசாலா தடவிட்டீங்களேடா. நான் உப்பு மட்டும் எடுத்துட்டு வந்தா போதும்போல." ஒரு காளை அவன் முகத்தருகில் ஏப்பம் விட்டது. "ஐயோ டெஸ், இவன் பீட்ஸாக் கடையிலேர்ந்து வரான்!" டெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் என்னத்த செய்யறது? இவ பூமியக் காப்பாத்தக் கிளம்பிட்டா. நாளைக்கு மாட்டுக்கு யோகா சொல்லிக்குடுப்பா." எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நொரீனுக்கு அறுபத்து நான்கு வயதில் ஏதோ பிடித்துக்கொண்டது, தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு மனம் மாறிவிட்டாள். நான் எதையும் மறுக்கவில்லை. டெஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் தன்னைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறான் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. காளைகள் எடை ஏற இரண்டு வாரம் அதிகமாக எடுத்துக்கொண்டன, அதையும் என் பைத்தியத்தின் கணக்கில் அவன் சேர்த்துக்கொண்டான். மேயிலிருந்து ஜூலை வரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

ஆகஸ்டில் மேற்கிலிருந்து நாற்பது காளைகள் வந்தன. அங்கே மழை பெய்து இரண்டு வருடமாகிறது. விலாவை எண்ணலாம். வண்டியிலிருந்து இறங்கியவுடனே வேலிக்கட்டையை நக்கத் தொடங்கின. இப்படி வருகிறவற்றுக்கு முதல் சில நாட்கள் காய்ந்த புல்தான். பிறகு அதில் கொஞ்சம் தானியம், அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் என்று மூன்று வாரமாக ஏற்றிக்கொண்டு போகவேண்டும். பசித்த வயிற்றில் தானியத்தைக் கொட்டினால் அது உள்ளேயே புளித்து மாட்டைக் கொன்றுவிடும். வழக்கமாகப் புதியவை முதல் பட்டிக்குப் போகும், வளர வளர நகர்ந்து கடைசியில் ஆறாவது பட்டிக்கு வந்து, அங்கிருந்து இறைச்சிக் கூடத்துக்கு வண்டி ஏறும். ஆனால் அந்த வாரம் முதல் பட்டியின் தொட்டி விரிசல் விட்டிருந்தது. ஆறாவது பட்டி காலியாக இருந்தது. ஆறில் இறக்கிவிடச் சொன்னது நான்தான். ஓட்டுநர் கேட்டார், நான் கையைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

டெஸ்ஸிடம் மூன்று தடவை சொன்னேன். கொட்டகைப் பலகையில் பெரிதாகச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினேன்: ஆறு, புதுசு, புல் மட்டும். "சரி நொர், நான் என்ன கொழந்தையா?" என்றான். இரண்டு நாள் வண்டிக்கு முன்னால் நானே நடந்தேன். மூன்றாம் நாள் காலை நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முந்தி. முதலில் மற்ற பட்டிகளுக்குத்தானே போவான், அதற்குள் போய்விடலாம் என்று துண்டை எடுத்தேன். உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆறுக்கு?"

"போட்டாச்சு. தொட்டிய நக்கிப் பளபளன்னு வெச்சிருந்துச்சுங்க. பாவம், நல்ல பசி. தாராளமா போட்டேன்."

"புல்லுதான?"

"ஆமா, ஆமா" என்றான், கையை உதறியபடி.

ஆறாவது பட்டி வாசலிலிருந்து இருநூறு அடி இருக்கும். இங்கே ஆகஸ்ட் என்றால் குளிர்காலம், காற்று வேறு; தலை ஈரமாக இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு எண்ணம் வந்ததும், அதை நான் திருப்பி அனுப்பிவிட்டதும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. குளிர் ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்லவேண்டும். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. நான் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய் முட்டை பொரித்தேன்.

மறுநாள் காலையில் ஏழு காளைகள் பக்கவாட்டில் செத்துக் கிடந்தன. மற்றவை கால்களை அகட்டிக்கொண்டு, குடித்தவர்கள்போல நின்றன. தரையெல்லாம் சாம்பல் நிறத்தில் தண்ணீராகச் சாணி, அதில் செரிக்காமல் அப்படியே வந்த பார்லி. அந்தப் புளிப்பு நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. தொட்டி மூலையில் கொஞ்சம் பார்லி மிச்சமிருந்தது. கிரகாம் வருவதற்குள் நான் அதை மண்வெட்டியால் வழித்து வாளியில் போட்டு, தொட்டியைக் கழுவிவிட்டேன். என் கைகள் அதைச் செய்துகொண்டிருந்தன. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருக்கிறது இப்போது.

கிரகாம் ஒரு காளையின் வயிற்றைக் கிழித்து, முகர்ந்து, எழுந்து நின்றார்.

"தானியம் போயிருக்கு நொரீன். நெறைய."

"ஆரம்பக் கலவைதான் போட்டோம். புல்லும் கொஞ்சம் தானியமும். எல்லாருக்கும் போடற மாதிரி."

என்னை வெகுநேரம் பார்த்தார். குதிரை செத்த அன்று பார்த்த அதே மாதிரி. பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "பழைய மருந்து உள்ள இருந்திருந்தா கொஞ்சம் தாங்கியிருக்குமோ என்னவோ. இத்தன போயிருக்காது. எனக்குத் தெரியல, சும்மா தோணறதச் சொல்றேன்" என்றார்.

மூன்று நாளில் பதினான்கு செத்தன. கிரகாமின் அந்த ஒரு வாக்கியம் டெஸ்ஸின் காதிலும் விழுந்திருந்தது. மற்ற எதுவும் அவனிடம் தங்காத அந்த வாரத்தில் அது மட்டும் தங்கிவிட்டது. "உன் மசாலாதான்" என்றான். "நான் அப்பவே சொன்னேன். முப்பது வருஷம் ஒண்ணும் ஆகல. உன் மசாலா வந்துச்சு, பதினாலு போச்சு." கோபத்தில் அவன் முகம் பழைய முகமாக இருந்தது. வார்த்தை தடுக்கவில்லை, யார் பெயரும் மறக்கவில்லை. ஒரு முழு மனிதன் என்னைத் திட்டினான். நான் தலையை ஆட்டி, "ஆமா டெஸ், என் தப்புதான்" என்றேன். அதைச் சொன்னபோது என் நெஞ்சில் இறங்கியது நிம்மதி என்பதை மறைக்க விரும்பவில்லை. குதிரையைக் கொன்றதற்காக நான் நிறுத்திய மருந்து இந்தப் பதினான்கையும் ஒருவேளை காப்பாற்றியிருக்கும். அவனுடைய ஒரு தவறுக்கு நான் கதவை மூடினேன். அடுத்தது நான் திறந்துவிட்ட வழியாக வந்தது. அதற்காகவாவது நான் திட்டு வாங்கவேண்டும் என்று பட்டது. திட்டை வாங்கிக்கொண்டால் தீவன வண்டி அவனிடமே இருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

பழைய மருந்தையும் திரும்ப வாங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும், காலையும் பிற்பகலும், வண்டிக்கு முன்னால் நடந்தேன்.

நான் கணக்கில் வைக்காதது லாயிட்டின் வாயை. அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஏலத்தில், எண்ணெய்க் கடையில், மதுக்கடையில், "டெஸ் பண்ணையில பதினாலு. அந்தப் பொடிதான்" என்று வருத்தத்தோடுதான் சொல்லியிருப்பான். செப்டம்பரில் ஹெதர் தொலைபேசியில் கூப்பிட்டு, வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வந்தாள். கை கழுவிய பிறகும் அவள் விரல்களில் பூண்டு வாசனை இருந்தது. மிச்சமிருந்த மூட்டைகளிலிருந்து சிறிய பைகளில் பொடியை எடுத்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதினாள். பிறகு சமையலறை மேசையில் எங்களோடு உட்கார்ந்தாள். நான் டீயும் பிஸ்கட்டும் வைத்தேன். டெஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீங்க நல்ல பொண்ணாத்தான் இருக்கீங்க" என்றான். "ஆனா உங்க பொடி என் மாட்டக் கொன்னுடுச்சு."

"இருக்கலாம்" என்றாள் ஹெதர். "நான் சண்டைக்கு வரல, டெஸ். நானும் அக்காவும் ஒரு வாரமா தூங்கல. இது பதினோரு எடத்துல மாடுங்க தின்னுட்டிருக்கு. தப்பு பொடியிலன்னா நான் இன்னிக்கே எல்லாருக்கும் போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும். அத மட்டும் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அன்னிக்கு ஆறாவது பட்டிக்கு என்ன போட்டீங்க?"

"புல்லுக் கலவை. புதுசுங்களுக்கு வேற என்ன போடுவாங்க?"

"எவ்ளோ தானியம்?"

"கொஞ்சூண்டு. கையளவு. என்னைப் பாத்தா நேத்து மாடு வளக்க ஆரம்பிச்சவன் மாதிரியா இருக்கு?"

அவள் எழுதிக்கொண்டாள். பேனாவை மூடினாள். "சரி. அப்ப எங்க பொடிதான்." குரலில் குற்றம்சாட்டல் இல்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டவள்போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டகைய மூடிடலாம்னு அக்கா சொல்றா. எனக்கும் அதுதான் சரின்னு படுது. நாளைக்கு இன்னொருத்தர் வீட்டு மாடு சாகக்கூடாதில்ல."

இவள் கத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வழக்குப் போடுவேன் என்று மிரட்டியிருந்தால் இன்னும் சுலபம். அவள் எங்களை நம்பினாள். நான் கழுவிய தொட்டியையும் நான் சொன்ன பொய்யையும் நம்பித் தன் கொட்டகையை மூடப்போகிறாள். டெஸ்ஸைப் பார்த்தேன். நியாயம் கிடைத்தவனின் திருப்தியோடு பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். இருவரில் யாரையும் தொடாத ஒரு வழி எனக்குத் தெரிந்தது.

"ஹெதர், நிறுத்தாதீங்க. பொடி இல்ல. நான்தான்."

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னிக்குக் காலைல வண்டிய எடுத்தது நான். பட்டி மாறிப்போச்சு. பெரிய காளைங்களுக்கு வெச்சிருந்த பார்லிய ஆறுல கொட்டிட்டேன். பயத்துல தொட்டியக் கழுவிட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லல, டெஸ்கிட்டயும் சொல்லல. உங்க பொடிமேல பழி போகட்டும்னு விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

ஹெதர் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டதா, அல்லது கோபம் இப்போதுதான் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் டெஸ் சிரிக்க ஆரம்பித்தான். உண்மையான சிரிப்பு, லாயிட்டோடு சிரிக்கிற சிரிப்பு.

"நீயா? எந்த வண்டில?"

"நம்ம தீவன வண்டிலதான், டெஸ்."

"கேளுங்க ஹெதர், இவ அந்த வண்டில ஏறினதே இல்ல. நாப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. அதுக்கு ரெண்டாவது கியர் விழணும்னா கிளட்ச பாதி மிதிச்சு, விட்டு, திரும்ப மிதிக்கணும். அது எனக்கும் அந்த வண்டிக்கும் மட்டும்தான் தெரியும். இவ எடுத்திருந்தா கொட்டகைச் சுவரத் தாண்டியிருக்காது." மேசையைத் தட்டினான். "அவள நம்பாதீங்க. செய்யாத தப்ப தூக்கித் தலையில வெச்சுக்கிறதே இவளுக்கு வேலை. இவ யாரையோ காப்பாத்தறதுக்காக..."

அங்கே நின்றான்.

வாய் திறந்தபடி இருந்தது. அடுத்த சொல்லைத் தேடும்போது அவன் வாய் அப்படித் திறந்திருக்கும். நான் வழக்கமாக அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். இந்த முறை கொடுக்கவில்லை. அவனுடைய கண்கள் மேசைமேல் எதையோ வரிசைப்படுத்தின. வண்டி, கொட்டகை, பட்டிகள். பிஸ்கட்டின் நனைந்த பாதி டீக்குள் உடைந்து விழுந்தது, அவன் கவனிக்கவில்லை.

"ஆறுல யாரு இருந்தாங்க?" என்று கேட்டான்.

"புதுசு, டெஸ்."

"ஆறு கடைசிப் பட்டியில்ல?"

"ஆமா. இந்தத் தடவ நான் மாத்திட்டேன். நான்தான் மாத்தினேன். அது என் தப்பு."

"சொன்னியா எங்கிட்ட?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், அவன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பான். வாயெடுத்தேன். ஹெதர் தன் நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தோரு வருடத்தில் டெஸ் என்னிடம் இத்தனை நேராக எதையும் கேட்டதில்லை.

"சொன்னேன்" என்றேன்.

அவன் தலையசைத்தான். ஏலத்தில் கேட்ட விலை தனக்குக் கட்டாது என்று தெரிந்ததும் அசைப்பானே, அப்படி, ஒரே ஒரு தடவை. தன் இரண்டு கைகளையும் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். அதற்கு அப்பால், குதிரை வரைக்கும், அவன் நினைவு போகவேண்டாம், இன்றைக்கு இதோடு நிற்கட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் கையை நான் தொட்டபோது அவன் விலக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அவங்க யாருக்கும் போன் பண்ண வேணாம்னு சொல்லு" என்றான் என்னிடம், ஹெதர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க. "பொடி நல்லாத்தான் இருந்துச்சு. நான் தின்னு பாத்தேன்."

ஹெதர் குனிந்து தன் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

வெளியே முதல் காளை கத்தியது. பிறகு இரண்டாவது பட்டியிலிருந்து ஒன்று, பிறகு எல்லாம். மணி மூன்று ஆகியிருக்க வேண்டும். இந்தச் சத்தம் கேட்கும்போது டெஸ் எப்போதும் தொப்பியைத் தேடிக்கொண்டிருப்பான். இப்போது உட்கார்ந்தே இருந்தான், காதைக் கொடுத்து, தெரிந்த குரல்களை அடையாளம் காண்கிறவன்போல. "நேரமாச்சு" என்றான் மெதுவாக. நாங்கள் மூவரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பட்டிகள் தெரிந்தன. வேலியின் முழு நீளத்துக்கும் தலைகள், இருநூறு இருக்கும், காலித் தொட்டிகளின் மேலாகக் கழுத்தை நீட்டி, கரிசல் தூசி பறக்க, ஒன்றுவிடாமல் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆறாவது பட்டியின் வேலியில் மட்டும் இடையிடையே இடைவெளி இருந்தது.